பென் டிரைவில் பயணிக்கும் வரலாறு

இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் ஆனைக்கரை. மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துக் கம்பம். மேலே ஒருவர், கீழே ஒருவர், இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மழையில் இணையம் போய்விட்டது. கம்பம்மெட்டு வழியாக இறங்கும் ஜீப்பில் பென் டிரைவைக் கொடுத்தனுப்பலாம். அதில் எதை வைப்பது?

மாறிய வரிகளை மட்டும் பேட்ச் கோப்பாக அனுப்புவது பழைய வழி. லாரி வால் 1985இல் எழுதிய பேட்ச் நிரல் அதற்கானதுதான். ஆனால் மென்பொருளின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட்டில் பேட்சைப் பொருத்தும்போது, கீழே புதிய கமிட், அதாவது மாற்றத்தின் புதிய பதிவு, பிறக்கும். சேர்த்த நேரம் மாறுவதால் அதன் 40 எழுத்து அடையாளமும் மாறிவிடும். ஒரே மாற்றத்துக்கு இரண்டு அடையாளம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட்டில், 2007இல் 'பண்டில்' சேர்ந்தது. கமிட்டுகளை அடையாளம் மாறாமல் ஒரே கோப்பில் கட்டித் தரும் வசதி இது.

இணையத்தில் இரு கணினிகளும் "உன்னிடம் எது இருக்கிறது?" என்று கேட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளும். கோப்பு, கடிதம் மாதிரி. போன பிறகு அதனிடம் எதுவும் கேட்க முடியாது. அதனால் பண்டில் தன் தேவையைத் தானே தலைப்பகுதியில் எழுதிக்கொண்டு போகிறது. முதல் வரியில் வடிவத்தின் பதிப்பு. அடுத்து, கழித்தல் குறியோடு சில அடையாளங்கள்: 'இந்தக் கமிட்டுகள் உன்னிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும்.' பிறகு கிளைகளின் பெயர்கள், ஒரு வெற்று வரி, அதன்பின் சுருக்கிக் கட்டிய தரவு. தேவைப்பட்ட கமிட் பெறுபவரிடம் இல்லையென்றால் கிட் ஏற்க மறுத்துவிடும். அரைகுறை வரலாறு உள்ளே நுழையாது. இந்த வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கண்டிப்பைத்தான்.

எங்கிருந்து தொடங்கி அனுப்புவது என்பது அனுப்புபவரின் கணிப்பு. தயக்கம் இருந்தால் கூடுதலாகவே வையுங்கள். உள்ளடக்கத்திலிருந்தே அடையாளம் பிறப்பதால், ஏற்கெனவே இருப்பது மறுபடி வந்தாலும் இரட்டிக்காது. குறைத்து அனுப்பினால்தான் ஜீப் வீணாக இறங்கியிருக்கும்.

கடைசியாக அனுப்பிய கமிட்டில் ஒரு டேக், அதாவது பெயர்க்குறி, போட்டு வைத்தால் அடுத்த பண்டில் அங்கிருந்து தொடங்கும். கீழே சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகே அந்த டேகை முன்னே நகர்த்துங்கள்.