கல்யாண டிரோன்: வையம்பட்டியில் 400 அடி, ஸ்ரீரங்கத்தில் 200 அடி... ஏன் தெரியுமா?

மணப்பாறை, வையம்பட்டி பக்கம் கல்யாணம்னா இப்போ மேளம், மாலையோடு டிரோனும் வந்துடுது. பறக்கவிடுற தம்பிகிட்ட ‘லைசென்ஸ் இருக்கா?’னு கேட்டா, ‘சின்ன டிரோன்தான்ணே, எதுவும் தேவையில்ல’னு பதில் வரும். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்கலைன்னா அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்!

இந்தியாவில் இப்போ நடைமுறையில் இருப்பது ‘டிரோன் விதிகள் 2021’. அந்த வருஷம் ஆகஸ்ட் 25-ம் தேதி வந்தது. அதற்கு முன்பு 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள்னு தலை சுத்தும். இப்போ 5 படிவங்கள், 4 வகைக் கட்டணங்கள்தான். விஷயம் ரொம்பவே எளிமையாயிடுச்சு. ஆனா, மூணு கேள்விகளுக்கு பதில் தெரிஞ்சிருக்கணும்.

1. வெயிட் எவ்வளவு?

250 கிராம் வரை ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. 2 கிலோவைத் தாண்டினால் 25 கிலோ வரை ‘ஸ்மால்’. நானோ டிரோன் ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸும் கட்டாயமில்லை. தம்பி சொன்ன பாதி உண்மை இதுதான்.

2. எதுக்காகப் பறக்கவிடுறீங்க?

சிக்கல் மைக்ரோவில்தான். சும்மா ஆசைக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம். அதே டிரோனை வெச்சு காசு வாங்கிக்கிட்டு கல்யாணம் ஷூட் பண்ணினா, அது வணிகப் பயன்பாடு. சான்றிதழ் கட்டாயம். அதாவது, ஒரே டிரோன்... அட்வான்ஸ் வாங்கின நிமிஷத்திலிருந்து ரூல் மாறிடும்.

3. எங்கே பறக்கவிடுறீங்க?

பலரும் கோட்டைவிடுறது இங்கேதான். கணக்கு ஏர்போர்ட் சுற்றுச்சுவரிலிருந்து ஆரம்பிக்குது. முதல் 5 கி.மீ ரெட் ஸோன். மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. 5-லிருந்து 8 கி.மீ வரை யெல்லோ ஸோன். தரையிலிருந்து கிளம்பவே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேணும். 8-லிருந்து 12 கி.மீ வரை 200 அடி உயரம் வரை அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் தேவை. 12 கி.மீ-ஐத் தாண்டினால், வேறு தடை இல்லாத இடங்களில் 400 அடி வரை கிரீன் ஸோன்.

இப்போ திருச்சி மேப்பைப் பாருங்க. ஏர்போர்ட்டிலிருந்து வையம்பட்டி சுமார் 50 கி.மீ. 400 அடி வரை பிரச்னை இல்லை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரமோ நேர்கோட்டில் சுமார் 10 கி.மீ-தான். ஸோ, அங்கே 200 அடி. கோபுரத்தின் உயரமே 230 அடிக்கு மேல்! கலசத்துக்கு நேரா டிரோனை நிறுத்தி ஷாட் எடுக்கணும்னா, அனுமதி இல்லாமல் முடியாது.

பழைய விதியில் இந்த யெல்லோ ஸோன் 45 கி.மீ வரை நீண்டது. மணப்பாறையே அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. அது 12 கி.மீ-ஆகச் சுருங்கியதில் அதிகம் லாபம், நம்ம மாதிரி சின்ன ஊர் கேமராமேன்களுக்குத்தான்.

இன்னொரு விஷயம்: வி.ஐ.பி வருகை மாதிரியான நாள்களில் போலீஸ் எஸ்.பி அந்தஸ்து அதிகாரி ஓரிடத்தைத் தற்காலிக ரெட் ஸோனாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. நேத்து பச்சையா இருந்த இடம் இன்னைக்கு சிவப்பாகலாம். அதனால், ஷூட்டுக்குக் கிளம்பும் முன்பு ‘டிஜிட்டல் ஸ்கை’ மேப்பை ஒருமுறை பார்த்துடுங்க. அப்படியே லோக்கல் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறது நல்லது.

சான்றிதழ் வாங்குவது கஷ்டமா?

10-ம் வகுப்பு பாஸ், வயது 18 முதல் 65-க்குள், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி... இவ்வளவுதான். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்திலும் இந்தப் பயிற்சி உண்டு. ஒருமுறை வாங்கினால் 10 வருஷம் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்துப் பசங்களுக்கு அதுவே பெரிய தடை. 2023 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும். வயலில் மருந்து தெளிக்கும் டிரோன் வேலைக்கும் இதே சான்றிதழ்தான் அடிப்படை.

வாங்கும் முன் கவனம்!

2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் தவிர வெளிநாட்டு டிரோன்களை முழுசாக இறக்குமதி செய்யத் தடை இருக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அதனால், ‘ஃபாரின் பீஸ், பில் இல்ல, விலை கம்மி’னு யாராவது நீட்டினால் உஷார். பில்லும், ‘யூ.ஐ.என்’ எனப்படும் பதிவு எண்ணும் இல்லாத டிரோன் மாட்டினா, பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒரு டிப்ஸ். பேக்கேஜ் பேசும்போதே டிரோனின் வெயிட், பதிவு எண், பைலட் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் நாலையும் கேட்டுடுங்க. நூறு பேர் தலைக்கு மேல பறக்குற பொருள். கேட்கிறதில் தப்பே இல்லை!