பச்சிளங்குழந்தையின் திடீர் மரணம்: காரணம் அறிவது பெற்றோரின் உரிமை

இரவு பாலருந்தி உறங்கிய குழந்தை விடியலில் அசைவற்றுக் கிடக்கிறது. சேரியில் இத்தகைய சாவு நேர்ந்தால், தாய் புரண்டு படுத்திருப்பாள் என ஊரே தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆய்வேதுமின்றி உடல் புதைக்கப்படுகிறது. பழி மட்டும் தாயின் மீது நிலைக்கிறது.

'திடீர் மரணம்' என்பது காரணமன்று. சாவு நேர்ந்த விதம் மட்டுமே. உடற்கூறாய்வு, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரும் காரணம் புலப்படாதபோதே, ஓராண்டுக்குட்பட்ட குழந்தையின் இறப்பை மருத்துவம் 'திடீர் சிசு மரணம்' என வகைப்படுத்துகிறது. நுரையீரல் தொற்றோ பிறவி இதயக் குறைபாடோ இருந்திருப்பின் ஆய்வு அதனை வெளிப்படுத்தக்கூடும்.

சட்டம் பெற்றோருக்குச் சில வழிகளைத் திறந்துவைத்துள்ளது. மருத்துவப் பதிவேடுகளைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் வழங்கவேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பெனில், காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு வழங்கவேண்டும் என்கிறது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம். குழந்தை இறப்பு மறுஆய்வுக்கான 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களோ, வீடு சென்று விசாரிக்க வழிவகுக்கின்றன; எவர் மீதும் பழி சுமத்துவது அவற்றின் நோக்கமன்று.

தோழர்களே, ஆவணத்தைப் பெற்றுத் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. மருத்துவர் ஒருவரை அழைத்துச் சென்று, அதிலுள்ளதை எளிய தமிழில் அப்பெற்றோருக்கு விளக்கச் செய்யுங்கள். முறையான ஆய்வுக்குப் பின் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்பதும் ஒரு பதிலே. ஊர் சுமத்திய பழியிலிருந்து அத்தாயை அது விடுவிக்கக்கூடும்.