மெய்யுரைக்க அஞ்சாத வரலாற்றாசிரியர்

கல்லூரியில் பயிலும் மகன் விடுமுறைக்கு வீடு வருகிறான். இரவுச் செபமாலை முடிந்ததும், “அப்பா, ஆறாம் அலெக்சாண்டர் என்ற பாப்பரசருக்குப் பிள்ளைகள் இருந்தார்களாமே, மெய்தானா?” என்று கேட்கிறான். “திருச்சபையின் பகைவர் கட்டிவிட்ட கதை அது” என்று அதட்டி அவன் வாயை அடைத்துவிடுகிறோம். இவ்விடை முறையானதா? ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இவ்வினாவை எதிர்கொண்ட கத்தோலிக்க அறிஞர் ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

லுட்விக் ஃபான் பாஸ்டர் 1854-இல் செர்மனியின் ஆகன் நகரில் பிறந்தார். தந்தை லூத்தரன் சபையினர், தாய் கத்தோலிக்கர். தந்தையின் மறைவுக்குப் பின், பத்து வயதளவில் கத்தோலிக்கரானார். பிற்காலத்தில் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அந்நாளில் பாப்பரசர்களைப் பற்றிப் புகழ்பெற்று விளங்கிய நூல், லியோபோல்ட் ஃபான் ராங்கே என்னும் புரொட்டஸ்தாந்து அறிஞர் 1834 முதல் 1836 வரை வெளியிட்டதாகும். வெனிஸ் நாட்டுத் தூதர்களின் அறிக்கைகளை அரிதின் முயன்று திரட்டிய அவருக்கு, வத்திக்கான் ஆவணக் காப்பகத்தின் கதவு மட்டும் திறக்கவில்லை.

அக்கதவை 1881-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தவர் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர். 1870-இல் உரோமை நகரையே இழந்து, திருச்சபை பலருடைய ஏளனத்துக்கு ஆளாகியிருந்த காலம் அது. ஆயினும் அவர் அஞ்சவில்லை. பொய்யுரைக்கத் துணியாமலும் மெய்யுரைக்கத் தயங்காமலும் வரலாறு எழுதப்பட வேண்டுமென 1883-இல் கர்தினால்மார் மூவருக்கு எழுதிய மடலில் வலியுறுத்தினார்.

இக்காப்பகத்தில் முதன்முதலாக ஆய்வு செய்தோருள் ஒருவர் பாஸ்டர். மறுமலர்ச்சிக் காலத்துப் பாப்பரசர் மறைத்தலைவர் மட்டுமல்லர். நடு இத்தாலியை ஆண்ட மன்னருமாவார். மிலான், வெனிஸ், புளோரன்ஸ், நேப்பிள்ஸ் ஆகிய அரசுகள் அவரோடு உறவாடின, பூசலிட்டன, உரோமையில் நடந்தவற்றைத் தூதர் வழியே அறிந்துகொண்டன. எனவே வத்திக்கான் ஏடுகளோடு பாஸ்டர் நிற்கவில்லை. மிலான், மாந்துவா, மோதெனா முதலிய நகர்களின் காப்பகங்களையும் துருவி, ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றோடு ஒப்பிட்டார். இவ்வாறு 1886 முதல் வெளிவந்த ‘பாப்பரசர்களின் வரலாறு’, அவர் 1928-இல் மறைந்த பின்னர் 1933-இல் 16 தொகுதிகளாக நிறைவுற்றது.

1895-இல் வெளியான மூன்றாம் தொகுதியே அவருக்குப் பெருஞ்சோதனை. ஆறாம் அலெக்சாண்டரின் ஆட்சியை அதில் எழுத வேண்டியிருந்தது. 1492-இல் அவர் கையூட்டின் துணையால் தேர்வு பெற்றதையும், அவருடைய ஒழுக்கக்கேட்டையும், மகன் செசாரே போர்ஜியாவை உயர்த்தப் பதவியைப் பயன்படுத்தியதையும் பாஸ்டர் ஒளிக்கவில்லை. அவரைக் குற்றமற்றவராகக் காட்ட முயன்ற கத்தோலிக்க எழுத்தாளர்களை வெளிப்படையாகவே மறுத்தார். அதே நேர்மையோடு, ஆதாரமற்ற பழிகளையும் தள்ளினார். 1503-இல் அலெக்சாண்டர் நஞ்சினால் மாண்டார் என்ற கதையை ஏற்காமல், காய்ச்சலே காரணம் என்றார்.

பாஸ்டரும் குறையற்றவரல்லர். மறுமலர்ச்சியைக் கிறிஸ்தவ மறுமலர்ச்சி, புறச்சமய மறுமலர்ச்சி என அவர் இரு கூறாக்கியது பின்வந்த அறிஞர் பலருக்கு உடன்பாடன்று. ஆனால் சான்றாவணங்களைத் தம் நூலின் பின்னிணைப்பாக அச்சிட்டு, தம்மைத் திருத்துவதற்கான கருவியையும் அவரே பிறருக்கு அளித்தார்.

இதனால் திருச்சபை சாய்ந்துவிட்டதா? இல்லை. மெய்யை ஒப்புக்கொள்வது அதற்குப் புதிதுமன்று. திருத்தந்தை ஆறாம் அத்ரியான் 1522-இல் நியூரம்பர்க் மன்றத்துக்குத் தூதரை அனுப்பியபோது, சீர்கேடு தலைமையிடத்திலிருந்தே பரவியதென அங்கு அறிக்கையிடப் பணித்தார். 1881-இல் திறந்த கதவும் மேன்மேலும் அகன்றே வந்துள்ளது. 2020 மார்ச்சு மாதத்தில் பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்து ஆவணங்களும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

இராயப்பர் மும்முறை ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் கூறுகின்றன. முதல் திருத்தந்தையின் வீழ்ச்சியை மறைக்காத நற்செய்தியை நம்பும் நாம், பின்வந்தோரின் வீழ்ச்சியை ஏன் மறைக்க வேண்டும்? மறைத்த செய்தியைப் பிள்ளை பிறர் வாயிலாக அறியும் நாளில், அவன் அலெக்சாண்டரை மட்டுமன்று, நம்மையும் நம்பமாட்டான்.

ஆகவே, அடுத்த முறை மகன் கேட்கும்போது அதட்ட வேண்டாம். “ஆம், தம்பி, மெய்தான். உட்கார், சொல்கிறேன்” என்று தொடங்குவோம்.