மேல்கொப்பு யாருக்கு?

ஒரு கோழிக்கூட்டத்தில் யார் மூத்தவள், யார் கடைக்குட்டி என்று தெரிந்துகொள்ள இரை போடும் நேரத்தைவிட கோழி அடையும் நேரம் தோதானது. கொல்லையில் கொய்யாவோ முருங்கையோ நின்று, பஞ்சாரத்தில் கவிழ்க்காமல் விட்டுவிடுகிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது. பொழுது மங்கியதும் எல்லாம் மரத்தடியில் சேரும். கழுத்தை நீட்டி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொப்பின் உயரத்தை அளக்கும். பிறகு தாவும். முந்திக்கொண்டு ஏறி நல்ல இடமாகப் பிடித்த வெடைக்கோழியை, பின்னால் வரும் பெரிய பெட்டை ஒரே கொத்தில் நகர்த்திவிடும். அது பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். கடைசியில் ஒன்று கீழே விழுந்து, மறுபடி ஏறி, கொப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை ரகளையும் இருட்டுவதற்குள் முடிந்தாக வேண்டும். ஏனென்றால் கோழிக்குப் பகலில் நம்மைவிட நிறம் பிரித்துப் பார்க்கும் கண். இருட்டினால் அந்தக் கண் அதிகம் உதவாது.

வீட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனாலும் கொப்பு தேடும் பழக்கம் விடவில்லை. நம் வீட்டுக் கோழியின் முன்னோர் செங்காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் சிறு பங்கு உண்டு: பல கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். இரண்டுமே இரவை மரத்தில் கழிப்பவை. தரையில் இரை தேடும் விலங்குகளுக்குத் தப்ப வேண்டுமே. கொப்பில் இருக்கும்போதும் கோழி எல்லா நேரமும் முழுத்தூக்கம் தூங்குவதில்லை. ஒரு கண்ணை மூடி, மூளையின் பாதிக்கு மட்டும் ஓய்வு கொடுத்து, மறு கண்ணால் காவல் இருக்கத் தெரிந்த பறவை அது.

இடத்துக்கான இந்தக் கொத்தை முதன்முதலில் முறையாகக் கணக்கெடுத்தவர் நார்வே நாட்டுக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே. 1894-இல் பிறந்த இவர், சிறுவனாக இருந்தபோதே கோழிகளுக்குப் பெயர் வைத்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1922-இல் அது ஜெர்மன் மொழியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது. எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும் கொத்துவது எது, ஒதுங்குவது எது என்பது முன்பே முடிவாகியிருக்கும் என்பதுதான் அதன் சாரம். முதல் கோழி எல்லாரையும் கொத்தும்; கடைசிக் கோழி யாரையும் கொத்தாது. நடுவில் சில வேடிக்கைகளும் உண்டு. செவலை கருப்பியை அடக்கும், கருப்பி பொறிக்கோழியை அடக்கும், அந்தப் பொறியோ செவலையை விரட்டும். இத்தகைய முக்கோணங்களையும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

அலுவலக அரசியலைப் பேச இந்தக் கோழி வரிசையை உலகமே கடன் வாங்கிக்கொண்டது. எனக்கு அது கோழிகளுக்குச் செய்த அநியாயமாகப் படுகிறது. வரிசை முடிவான கூட்டத்தில் சண்டை குறைவு. ஒரு முறைப்பு, தலையைச் சற்றே உயர்த்தும் ஒரு நிமிர்வு போதும்; எதிரே நிற்பது விலகிவிடும். ரத்தம் வருவதெல்லாம் வரிசை தெரியாத இடத்தில்தான். சேவல்களுக்கும் பெட்டைகளுக்கும் தனித்தனி வரிசை. ஜப்பானில் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடியற்காலைக் கூவலைக் கவனித்தது: முதலில் கூவுவது கூட்டத்தின் தலைமைச் சேவல், மற்றவை தத்தம் படிநிலைப்படி அடுத்தடுத்துக் கூவுகின்றன.

வரிசை நிலைக்க ஒன்றையொன்று அடையாளம் தெரிய வேண்டும். கோழி பார்ப்பது முகத்தையும் கொண்டையையும். கொண்டையின் தோற்றத்தை மாற்றிவிட்டால், நேற்றுவரை உடன் மேய்ந்ததையே அந்நியமாக நினைத்துத் தாக்கும். ஓரிரு வாரத்துக்கு மேல் பிரிந்திருந்தாலும் பழைய இடம் உறுதியில்லை. 21 நாள் அடைகாத்துவிட்டு வரும் தாய்க்கோழி மட்டும் குஞ்சுகளோடு சிலிர்த்துக்கொண்டு வருவதால், அதைவிடப் பெரியவையே சில நாள் வழிவிடுவதைப் பார்க்கலாம்.

நூற்றுக்கணக்கில் அடைத்து வளர்க்கும் இடத்தில் இந்த அறிமுகத்துக்கும் வழியில்லை, ஒதுங்க இடமும் இல்லை. நாமக்கல் வட்டாரத்துக் கம்பிக் கூண்டு முட்டைக்கோழிகளுக்குக் குஞ்சிலேயே அலகின் நுனியைச் சூடான தகட்டில் தீய்த்துவிடுவது இதனால்தான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் முயர் வேறு வழியைத் தேடினார். அதிகம் முட்டையிடும் தனிக்கோழியைப் பொறுக்காமல், ஒரே கூண்டில் சேர்ந்து நன்றாக வாழ்ந்த குடும்பத்தையே மொத்தமாகத் தேர்ந்து இனம்பெருக்கினார். அலகு வெட்டாத கோழிகள் அவை. 1996-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாகக் குறைந்தது. முட்டையை மட்டும் எண்ணித் தாய்க்கோழி தேடுகிறவர்கள் மறந்துவிடும் கணக்கு இது. ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடைசெய்து, கோழி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டராவது அமரும் கொம்பு வேண்டும் என்று விதித்தது.

ஐந்தாறு கோழி வளர்க்கிற வீட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. வரிசையைக் கலைப்பது பெரும்பாலும் நாம்தான். சந்தையில் வாங்கிய கோழியை நடுப்பகலில் வாசலில் அவிழ்த்துவிட்டு, பழையவை சுற்றி நின்று கொத்தும்போது பதறுகிறோம். புதுக்கோழியை இரண்டு வாரமாவது தனியே வைப்பதற்கு முதல் காரணம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேத் என்று கால்நடை மருத்துவர் சொல்லும் அந்த நோய் ஒரே வாரத்தில் கொல்லையைக் காலியாக்கிவிடும். அந்த நாட்கள் கழிந்ததும் சில நாள் கம்பிவலைக்கு அந்தப்பக்கமாக வைத்தால் முகப்பழக்கமும் ஆகிவிடும். பிறகு, இருட்டிய பின் எல்லாம் அடைந்திருக்கும்போது பக்கத்தில் ஏற்றி உட்கார்த்த வேண்டும். விடிந்தால் கொத்து விழும்தான், ஆனால் வேகம் தணிந்திருக்கும்.

கூட்டுக்குள் ஏணி மாதிரி மேலும் கீழுமாகக் கொம்பு கட்டினால் தினமும் மேல்படிக்குப் போட்டிதான். ஒரே உயரத்தில், எல்லாம் நெருக்காமல் உட்காரும் நீளத்துக்குக் கட்டினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். இரையை ஒரே தட்டில் கொட்டினால் கடைசிக் கோழிக்குப் பசிதான் மிச்சம். கம்பையும் சோளத்தையும் முற்றமெங்கும் இறைத்துவிட்டால் ஒரு கோழியால் எல்லா இடத்தையும் காவல் காக்க முடியாது.

இதையெல்லாம் செய்தும் ஒன்று மட்டும் ஓயாமல் விரட்டிக் காயப்படுத்தினால், அடிபட்டதைப் பிரித்துவைப்பதே வழக்கம். ரத்தம் வந்திருந்தால் அதற்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டுத் தனியே வைக்கத்தான் வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் கொத்த வரும். காயம் சிறியதென்றால் பிரிக்க வேண்டியது அடித்ததை. சில நாள் பஞ்சாரத்தில் அதைக் கவிழ்த்துவையுங்கள். அதற்குள் மற்றவை தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டிருக்கும். வெளியே வரும்போது அது தன் இடத்தை மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.