தள்ளுவண்டிக்கும் சட்டம் உண்டு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டியதும் நம் வகுப்பில் பலர் விண்வெளி, ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு தள்ளுவண்டி. எங்கள் அப்பாவும் அம்மாவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இட்லி, தோசை போட்டு விற்கும் வண்டி அது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் அட்மிஷன் பணம் அந்தத் தோசைக்கல்லில்தான் வெந்தது என்றால் அது மிகையாகாது.

2023-ல், நான் இங்கே முதலாம் ஆண்டு சேர்ந்த சில மாதங்களில், ஒரு மாலை லாரி வந்து வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. மாவுச் சட்டி, அடுப்பு, பாத்திரம் எல்லாம் அதோடு போயின. மூன்றாம் நாள்தான் வண்டி திரும்பியது. மாவு புளித்து நுரைத்து, கீழே கொட்ட வேண்டியதாயிற்று. "ஏம்ப்பா, நம்மகிட்ட லைசென்ஸ் இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கேடா. தெனமும் ஒருத்தர் வந்து அம்பது ரூபா வாங்கிட்டுப் போறாரே" என்றார் அப்பா. மாமூலைத்தான் அவர் இத்தனை வருடமும் லைசென்ஸ் என்று நினைத்திருக்கிறார்!

அன்றிலிருந்துதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே சுருக்கித் தருகிறேன். தள்ளுவண்டி ஆனாலும், இப்போது நகரங்களில் பிரபலமாகியிருக்கும் "ஃபுட் டிரக்" ஆனாலும் மூன்று கேள்விகள்தான். நிற்கும் இடம் யாருடையது? விற்கும் உணவு சுத்தமானதா? ஓடும் வண்டி முறையானதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

முதலில் இடம்

சாலையோரத்தில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று 1989-ல் சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் குறிப்பிட்ட ஓரிடம் எனக்கே சொந்தம் என்று யாரும் கேட்க முடியாது. நியாயமான கட்டுப்பாடுகளும் உண்டு. இதற்காகவே பாராளுமன்றம் 2014-ல் சாலையோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டு மே 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். ஓரிடத்தில் நின்று விற்பவர், நகர்ந்துகொண்டே விற்பவர் என்று அதில் பிரிவுகள் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை, ஏற்கெனவே வியாபாரம் செய்பவரை அப்புறப்படுத்தக் கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஊரில் எது தடையில்லாத பகுதி, எது கட்டுப்பாட்டுப் பகுதி, எங்கே விற்கவே கூடாது என்பதை மாநகராட்சியோ நகராட்சியோ திட்டமிட்டு அறிவிக்க வேண்டும். இதில் கலந்தாலோசிக்க நகர விற்பனைக் குழு உண்டு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ரயில்வே இடங்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது.

நமக்கும் கடமை உண்டு. சான்றிதழை வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. தானோ தன் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும். வேறு பிழைப்பு இல்லை என்றும் உறுதி தர வேண்டும். சான்றிதழ் இல்லாமல் விற்றால் 2,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

நான் இரண்டு முறை படித்த இடம் ஒன்று உண்டு. இடத்தைவிட்டு அப்புறப்படுத்துவதானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொருளை எடுத்துச் சென்றால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கட்டணம் கட்டித் திரும்பக் கேட்டால், கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றைக்கேயும் விட வேண்டும். எங்கள் மாவு எந்த வகை என்று சொல்லவும் வேண்டுமா? எங்களுக்கு நோட்டீசும் வரவில்லை, பட்டியலும் வரவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியாததால் நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாவது உணவு

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் கீழ் 2011-ல் வெளியான விதிகளின்படி சிறு வியாபாரிக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். 2023-ல் நாங்கள் பதிவு செய்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் இந்த வகையில் வந்தார்கள். வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம். போட்டோ, அடையாள அட்டை நகல் கொடுத்து ஆன்லைனில் நானே செய்தேன். 14 இலக்க எண் ஒன்று கிடைத்தது. ஏஜெண்டு ஒருவர் இதே வேலைக்கு 1,500 ரூபாய் கேட்டிருந்தார்!

பதிவு கையில் வந்ததும் வேலை முடிந்துவிடாது. வண்டி சாக்கடைக்கும் குப்பைக்கும் தள்ளி நிற்க வேண்டும். சமைக்கும் மேடை தரையிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டராவது உயரத்தில், எளிதாகக் கழுவும்படி இருக்க வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீரும் மூடி போட்ட குப்பைத் தொட்டியும் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அச்சு மை உடம்புக்குக் கெடுதல் என்பதால் செய்தித்தாளில் வடையோ பஜ்ஜியோ மடிக்கக் கூடாது. வாழை இலை எப்போதும் நல்லது. இன்னொன்று, வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி தவறு. வணிக உபயோகத்துக்கென்று 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. செலவு கூடுதல்தான், ஆனால் மாட்டிக்கொண்டால் வரும் செலவு இன்னும் கூடுதல்.

மூன்றாவது வண்டி

இது நம் மெக்கானிக்கல் பிரிவுக்காரர்களுக்கு உரிய பகுதி. என் அக்கா வீட்டுக்காரர் போன வருடம் ஒரு பழைய மினி லோடு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "மாப்ளே, நீதான் டிப்ளமோ படிக்கிறியே, ஒரு பக்கத்த வெட்டி ஷட்டர் வச்சு ஃபுட் டிரக் ஆக்கிரலாம்டா" என்றார். எனக்கும் ஆசைதான். வெல்டிங் எனக்குப் பிடித்த பாடம். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நடமாடும் உணவகம் போக்குவரத்து வாகனப் பட்டியலில் வருவதால் எஃப்.சி.யும் வேண்டும்.

இது வெறும் காகிதத் தொல்லை அல்ல. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அதை ஒரு பக்கமாக, உயரத்தில் வைத்தால் வண்டியின் புவியீர்ப்பு மையம் மேலேறிப் பக்கவாட்டில் நகரும். திருப்பத்தில் வண்டி சாயும். உள்ளே கொதிக்கிற எண்ணெயும் சிலிண்டரும் இருக்கும். அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவதும் பெரும்பாடு. இதையெல்லாம் சொன்னதும் மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வரைபடம் போட்டுக் குடு, கேட்டுப் பாப்போம்" என்றார். வரைந்துகொண்டிருக்கிறேன். தொட்டியை அச்சுக்கு மேலே தாழ்வாக, நடுவில் வைத்திருக்கிறேன்.

கடன் விஷயமும் ஒன்று. சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் அடமானம் இல்லாமல் முதல் தவணையாக 10,000 ரூபாய் கொடுத்தார்கள். 2025-ல் அதை 15,000 ஆக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்த தவணை கூடும். வட்டியில் 7 சதவீத மானியமும் உண்டு. தண்டல்காரரிடம் வாங்கிய பணத்துக்குத் தினமும் கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

இனி எங்கள் கதையின் மீதி. 2024-ல் எங்கள் தெருப் பக்கம் கணக்கெடுக்க வந்தார்கள். எத்தனை வருடமாக இங்கே விற்கிறீர்கள், ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். அப்பா விழித்தார். அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். தரை வாடகைக்குக் கொடுத்த சிறு சிறு சீட்டுகளை அம்மா வருடக் கணக்கில் நூலில் கோத்து வைத்திருந்தார்! "எழுத்து போட்டிருக்கே, தூக்கிப் போட மனசு வரல" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இருந்த அந்த மரியாதைதான் எங்களைக் காப்பாற்றியது. இப்போது அம்மா பெயரில் அட்டை இருக்கிறது. ஐம்பது ரூபாய் வாங்க வந்தவரிடம் ஒரு நாள் அம்மா அதைக் காட்டினார். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். மறுபடி வருவாரோ தெரியாது. வந்தால் அட்டை அதே இடத்தில் தொங்கும்.

நண்பர்களே, நம் கல்லூரி வாசலிலேயே ஒரு டீ வண்டி, இரண்டு சுண்டல் வண்டி, ஒரு பானிபூரி வண்டி நிற்கின்றன. அவர்களில் எத்தனை பேரிடம் பதிவு எண் இருக்கிறது என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? நம் சங்கத்தின் சார்பில் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டு உட்கார்ந்து, அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாமே. அதற்குப் பட்டம் வேண்டாம். படிக்கத் தெரிந்தால் போதும். முதல் மேசைக்கு நான் வருகிறேன்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு