நீடித்த ஆண்குறி விறைப்பு

நீடித்த ஆண்குறி விறைப்பு அல்லது பிரியாப்பிசம் என்பது பாலுணர்வுத் தூண்டல் இல்லாமலோ, தூண்டல் நின்ற பின்னரோ, ஆண்குறியின் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் தளராமல் இருக்கும் நிலையாகும். கிரேக்கத் தொன்மத்தின் வளமைக் கடவுளான பிரியாப்பசின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது. சிறுவர்களுக்கும் இது ஏற்படலாம்.

வகைகள்

குருதி வெளியேறாமல் தேங்குவதால் உண்டாவது முதல் வகை. பெரும்பாலான நோயாளிகளிடம் காணப்படுவது இதுவே, வலி மிகுந்தது. அடிபட்டதால் தமனி கிழிந்து, குருதி மிகுதியாகப் பாய்வதால் உண்டாவது இரண்டாம் வகை. இதில் வலி குறைவு; பல வேளைகளில் தானாகவே சரியாகிவிடும். விட்டுவிட்டு வருவது மூன்றாம் வகை.

காரணங்கள்

அரிவாள் உயிரணுச் சோகை, குருதிப் புற்றுநோய், டிரசோடோன் போன்ற மனநல மருந்துகள், விறைப்புக்காக ஆண்குறியில் செலுத்தப்படும் ஊசிமருந்துகள், கொக்கைன் ஆகியவை முக்கியமானவை. அரிவாள் உயிரணுச் சோகை தமிழ்நாட்டில் நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படுகிறது.

காலத்தின் முக்கியத்துவம்

தேங்கிய குருதியில் ஆக்சிசன் குறைந்து, அமிலத்தன்மை கூடுகிறது. ஏறத்தாழ 12 மணி நேரத்தில் திசுக்களில் நீர் கோத்து வீக்கம் தோன்றும். 24 மணி நேரத்தில் குருதிக்குழாய்களின் உட்சுவர் சிதையத் தொடங்கும். 48 மணி நேரத்தில் தசைகள் இறந்து, அவ்விடத்தில் நார்த்திசு வளரும்.

மருத்துவம்

முதலில் ஆண்குறியிலிருந்து குருதி எடுத்துச் சோதிக்கப்படும். கறுத்து, ஆக்சிசன் குறைந்திருந்தால் அது தேக்க வகை. அப்பகுதியை மரத்துப்போகச் செய்து, ஊசி மூலம் தேங்கிய குருதி உறிஞ்சி எடுக்கப்படும். பின்னர் குருதிக்குழாய்களைச் சுருக்கும் பினைலெப்ரின் மருந்து சிறு அளவுகளில் செலுத்தப்படும். அப்போது குருதி அழுத்தம் கண்காணிக்கப்படும். இவை பயனளிக்காவிட்டால், குருதி வடிய மாற்றுவழி அமைக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படும். அரிவாள் உயிரணுச் சோகை உள்ளவர்களுக்கும், குருதி ஏற்றுவதற்காக இம்மருத்துவத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

விளைவுகள்

சில மணி நேரத்திற்குள் மருத்துவம் பெற்றவர்களுக்கு இயல்பான செயற்பாடு திரும்ப வாய்ப்பு அதிகம். 36 மணி நேரத்தைக் கடந்தால் நிலையான விறைப்புக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பே மிகுதி. அத்தகையவர்களுக்குச் செயற்கை உள்வைப்பு பொருத்தப்படுவதுண்டு.

வெட்கத்தால் வீட்டிலேயே காத்திருப்பது காலத்தாழ்வுக்கு ஒரு முக்கியக் காரணமாகும். சிறுவர்கள் இதைப் பெற்றோரிடம்கூடச் சொல்லத் தயங்கலாம். ஆகவே, அரிவாள் உயிரணுச் சோகையுள்ள சிறுவர்களுக்கு இவ்வறிகுறியை முன்கூட்டியே விளக்கி, 4 மணி நேரத்தைத் தாண்டவிடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லிவைப்பது அவசியம்.