பரீட்சையும் படலையும்

அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக் குளத்தில் ஆடி அமாவாசையன்று நீராட வருவோருள் படித்தவர், படியாதவர் என்ற பேதம் கிடையாது. பரீட்சை மண்டபமோ தரம் பிரிப்பதற்கென்றே அமைந்தது. அதனை நாம் குறை கூற வரவில்லை. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்று, பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். குலமும் செல்வமும் வினவாத அவ்வளவுகோல், கிராமத்துப் பிள்ளைக்கு உயர்கல்வியின் படலையைத் திறந்தது.

ஆயினும், அதே அளவுகோல் சிலருக்குப் படலையை அடைத்தும் விடுகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களிற் சித்தியும், அவற்றுள் 3இல் திறமைச் சித்தியும் பெற்றவரே உயர்தரத்தின் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் முதலிய துறைகளுட் புகலாம் என்பது பொதுவிதி. தமிழிலும் வரலாற்றிலும் சிறந்து விளங்கும் பிள்ளை கணிதத்தில் தவறினால், ஊரார் 'மக்கு' என்று சொல்லிவிடுகின்றனர். நீரோட்டமும் காற்றும் கணித்து வாவியில் வலை வீசும் தந்தைக்குத் துணைநிற்கும் அப்பிள்ளையின் அறிவு எவ்வினாத்தாளிலும் இடம்பெறுவதில்லை.

2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிக் கல்வித் திட்டம் இக்குறையை ஓரளவு போக்க முனைந்தது. சாதாரண தரத்தில் தவறியோரும் 12ஆம் தரத்தில் தொழிற்றுறைப் பிரிவிற் சேர அது வழிசெய்தது. எல்லாப் பாடசாலைகளிலும் அப்பிரிவு இல்லை. ஆதலின் பெறுபேறு வெளிவந்ததும் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தல் நன்று. தவறிய பாடத்துக்கு மீண்டும் தோற்றவும் இடமுண்டு.

ஒரு படலை அடைபட்டுக் கலங்கி நிற்கும் பிள்ளைக்கு மறு படலையைக் காட்டுவது, பெற்றோரும் ஆசிரியருமாகிய நம் கடனன்றோ?